இசக்கிராஜாவின் இரண்டு எக்ஸ்ரேக்கள்

திங்கட்கிழமை, மாலை 5.50.

வண்ணார்பேட்டையில் ஒரு செருப்புக்கடைக்கு மேலே, முதல் மாடியில், ஸ்வீட்லினின் பிசியோதெரபி கிளினிக். மொத்தமே இரண்டு கட்டில்கள். கீழே பஸ்கள் ஹாரன் அடித்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்க, இரண்டாவது கட்டிலில் கபடி வீரன் இசக்கிராஜா குப்புறப் படுத்திருந்தான். வயது பத்தொன்பது, ஊர் சேரன்மகாதேவி. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாநில அணியின் முகாமுக்குப் போக வேண்டியவன். முகாமில் தேறினால் அணியில் இடம், அதைக் காட்டினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. அந்த வீட்டில் இதுவரை மாதச் சம்பளம் என்ற ஒன்றை யாரும் கையில் வாங்கியதில்லை.

இருபத்திரண்டு நாளாக அவன் இந்தக் கட்டிலுக்கு வருகிறான். ஸ்வீட்லின் வழக்கம்போல அவன் இடுப்பு அரைஞாண் கயிற்றில் கிடந்த தாயத்தை ஒரு விரலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, பத்து நிமிடம் ஒத்தடம் வைத்தாள். பிறகு கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் மேலே தூக்கி முதுகைப் பின்னால் வளைக்கச் சொன்னாள். பத்து முறை. எட்டாவது முறையில் அவன் நின்றுவிட்டான்.

"அக்கா, என் காலு எங்கன கெடக்குன்னே தெரியல."

ஸ்வீட்லின் அவன் உள்ளங்காலில் நகத்தால் கீறினாள். அவன் அசையவில்லை. பேனா முனையால் குத்தினாள். குத்தியதே அவனுக்குத் தெரியவில்லை. அவனை அசையாமல் படுக்கச் சொல்லிவிட்டு ஆம்புலன்சை அழைத்தாள்.

மாலை 6.40. பெரிய ஆஸ்பத்திரி.

தள்ளுவண்டியில் கிடந்தபடியே, உடுத்தியிருந்த உடுப்போடு, எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உடனே எம்.ஆர்.ஐ ஸ்கேனுக்கு அனுப்பச் சொன்னார். இடுப்புக்குச் சற்று மேலே, கடைசி முள்ளெலும்பைப் பின்னால் பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டு சின்னப் பாலங்களும் முறிந்திருந்தன. அதனால் அந்த எலும்பு முன்னால் நழுவி நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது.

ஸ்கேன் அறை வாசலில் ஒரு தகராறு. காந்த எந்திரத்துக்குள் உலோகம் எதுவும் போகக் கூடாது என்று நர்ஸ் கத்திரிக்கோலோடு வந்தார். நடவு வயலிலிருந்து காலில் காயாத சேற்றோடு ஓடிவந்திருந்த தாய் சுடலைவடிவு, அந்தக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"உயிரோட கெடக்க பிள்ளைக்கு அரணாக்கயிற அறுப்பாகளாம்மா?"

நர்ஸ் கோபப்படவில்லை, அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். எங்கிருந்தோ ஒரு கறுப்புக் கயிற்றைக் கொண்டுவந்து கொடுத்தார். தாய் அதை மகன் இடுப்பில் கட்டி முடிச்சுப் போட்ட பிறகே பழைய கயிறு அறுபட்டது. தாயத்தைத் தாய் முந்தானையில் முடிந்துகொண்டார்.

செவ்வாய் விடியற்காலையில் அறுவை முடிந்தது. கட்டைவிரல்கள் லேசாக அசைந்தன. நடப்பான் என்றார் டாக்டர். கபடியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, யாருக்கும் கேட்கத் தைரியமும் வரவில்லை.

ஆனால் ஊருக்கு யாராவது ஒரு குற்றவாளி வேண்டும். கபடிப் பயிற்சியாளர் முத்துமாலை வராந்தாவில் நின்று, அந்த பிசியோ பிள்ளை இவன் முதுகைப் பிடித்து வளைத்தது என்று சொன்ன ஒரே வாக்கியம் போதுமாக இருந்தது. விடிந்ததும் யாரோ கிளினிக் போர்டைக் கல்லெறிந்து உடைத்தார்கள். ஏழு மணிக்குச் சுடலைவடிவு வந்தார். செருப்புக்கடை வாசலில் நின்று, தெருவோர மண்ணை இரண்டு கையாலும் வாரி, மாடிப்படியைப் பார்த்துத் தூற்றினார். நீ நல்லா இருப்பியா என்று கேட்டார். மாடியில் ஸ்வீட்லின் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

செவ்வாய், காலை 9.00.

இன்ஸ்பெக்டர் பிரேமலதா படியேறி வந்தார். வயது நாற்பத்து மூன்று, ஒரு காலத்தில் மாவட்டக் கபடி அணியில் ஆடியவர். புதன் மாலை ஐந்து மணிக்குள் அறிக்கை வேண்டும் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். கபடிச் சங்கத்துக்காரர்கள் அதற்குள் கைது வேண்டும் என்றார்கள். கூட வந்த ஏட்டு பேச்சிராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டார். பிரேமலதா உட்காரவில்லை. எங்கே போனாலும் அவர் நின்றுகொண்டுதான் விசாரிப்பார். அதை எல்லோரும் தோரணை என்று நினைத்திருந்தார்கள்.

"அவன் உங்ககிட்ட எதுக்கு வந்தான்?"

"முதுகுல பிடிப்புன்னு வந்தான் மேடம். உடம்பு சரியா இருக்குன்னு முகாமுக்கு என்கிட்ட இருந்து ஒரு லெட்டரும் வேணும்னான்."

"உடனே வைத்தியம் ஆரம்பிச்சிட்டீங்களா?"

"இல்ல. எக்ஸ்ரே இல்லாம தொட மாட்டேன்னு சொல்லிட்டேன். மறுநாளே எடுத்தான், அடுத்த நாள் கொண்டு வந்தான்."

அவள் உறையை நீட்டினாள். உள்ளே படம் இருந்தது. இசக்கிராஜா, ஆண், 19. தேதி சரியாக இருபத்து நாலு நாள் முன்பு, மாலை ஏழு பத்து. எலும்பில் குறை எதுவும் இல்லை என்று ரிப்போர்ட். அவள் அதைப் படித்தாள், படத்தையும் பார்த்தாள். எலும்பு சரியென்றால் வலி எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டிலிருந்தோ தசையிலிருந்தோ வருகிறது என்று அர்த்தம். அதற்கு முதுகைப் பின்னால் வளைப்பது மருந்து. எலும்பே முறிந்திருந்தால் அதே வளைப்பு விஷம். கீல் உடைந்த கதவை மறுபடி மறுபடி இழுத்துச் சாத்துவது போல.

"அப்ப இந்தப் படம் சொன்னதத்தான் நீங்க செஞ்சீங்க."

"ஆமா. ஆனா..." ஸ்வீட்லின் தலையைக் குனிந்துகொண்டாள். "படம் பொய் சொல்லும்னு எனக்குத் தோணல மேடம்."

பிரேமலதா படத்தை ஜன்னலில் பிடித்தார். வலது இடுப்பெலும்பை ஒட்டி, வெட்டிப் போட்ட நகத்துண்டு அளவுக்கு வளைந்த ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. இது என்ன என்றார். படத்தில் விழுந்த கீறலாக இருக்கும் என்று அன்றைக்கு நினைத்ததாக ஸ்வீட்லின் சொன்னாள். பிரேமலதா அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயின் படமும் அதே போனில் இருந்தது.

படியிறங்கும்போது பேச்சிராஜ், பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கை வைத்தது அந்தப் பிள்ளைதானே என்றார். பிரேமலதா ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதைச் சொன்னார். முறிவின் ஓரங்கள் ஆற்றுக் கூழாங்கல் போல மழுங்கியிருக்கின்றன. புது முறிவு கூராக இருக்கும். இது எட்டு மாதத்துக்குக் குறையாத முறிவு. நழுவியதுதான் புதிது.

"அப்ப இருபத்து நாலு நாளைக்கு முன்னால எடுத்த படத்துல முறிவு தெரிஞ்சிருக்கணும்லா?" என்றார் பேச்சிராஜ்.

"தெரிஞ்சிருக்கணும்."

காலை 11.30.

எக்ஸ்ரே எடுத்த சென்டர் இரண்டு தெரு தள்ளி இருந்தது. டெக்னீசியன் அப்ரார், ஒல்லியான இளைஞன், போலீசைப் பார்த்ததும் கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டான். அன்று மாலை எடுத்தவை மூன்றே படங்கள். ஒன்று ஒரு பாட்டியின் முழங்கால், ஒன்று ஒரு குழந்தையின் கை, மூன்றாவது இசக்கிராஜாவின் முதுகு. படங்கள் ஒன்றுக்கொன்று மாற வழியே இல்லை.

"அடையாள அட்டை பாப்பீங்களா?"

"இல்ல மேடம். பேரு, வயசு, போன் நம்பர். அவ்வளவுதான்."

"கேமரா?"

"ஏழு நாள்தான் நிக்கும். பொறவு அழிஞ்சிரும்."

"ஆள் ஞாபகம் இருக்கா?"

"நல்ல உடம்பு. விளையாட்டுப் பையன்னு பாத்தாலே தெரியும். முகம் சொல்லத் தெரியல." அப்ரார் யோசித்தான். "நல்ல பையன் மேடம். ஒரு தகராறும் பண்ணல. படுன்னேன், படுத்தான். ரெண்டு நிமிசத்துல முடிஞ்சுது."

திரையில் அந்தப் படம் பெரிதாக விரிந்தது. வலது இடுப்பெலும்பை ஒட்டி அதே வளைந்த வெள்ளைக் கோடு. பிரேமலதா குனிந்து பார்க்கப் போனவர் பாதியில் நின்று, முழங்காலை மடக்கி உட்கார்ந்து பார்த்தார். எழும்போது மேசையைப் பிடித்துக்கொண்டார். அப்ரார் அதைக் கவனித்தான்.

மாலை 4.00. மைதானம்.

முத்துமாலை விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டபடி நின்றிருந்தார். ஐம்பது வயது, முப்பது ஆண்டாகப் பிள்ளைகளுக்குக் கபடி கற்றுத் தருபவர். எக்ஸ்ரே உறை ஒரு நாள் முழுக்கத் தன் பைக் பெட்டியில் இருந்ததை அவரே ஒப்புக்கொண்டார். ஞாபகமாக எடுத்துக் கொடுங்கள் என்று பையன்தான் கொடுத்து வைத்தானாம். பெட்டியைத் திறக்கச் சொன்னார் பிரேமலதா. உள்ளே கட்டுத்துணி, வலிக்கான ஸ்பிரே, அட்டை அட்டையாக வலி மாத்திரைகள். பேச்சிராஜ் கண்ணைக் காட்டினார். ஆள் சிக்கிவிட்டான் என்று அர்த்தம்.

"இதெல்லாம் இசக்கிக்குக் குடுத்தீங்களா?"

"எல்லா பிள்ளைகளுக்கும் குடுக்கதுதான் மேடம். கபடின்னா அடி படத்தான செய்யும். அவன் வலிக்குன்னு ஒரு நா சொன்னதில்ல."

"நீங்க ஒரு நா கேட்டீங்களா?"

முத்துமாலை விசிலைக் கையில் எடுத்து அதையே பார்த்தார்.

"கேக்கல."

இசக்கியின் அறைத் தோழன் ஜோன்ஸ் ஓரமாக நின்று தண்ணீர் பாட்டில்களை நிரப்பிக்கொண்டிருந்தான். மணப்பாட்டுப் பையன், மீன்பிடிக் குடும்பம், இசக்கிராஜாவின் உயரம், அதே அகலத் தோள். எட்டிப் பாட்டிலை எடுத்தபோது பனியன் மேலே ஏறியது. வலது இடுப்பில் ஒரு தழும்பு. பிரேமலதா அதைப் பற்றிச் சும்மா கேட்பதுபோலக் கேட்டார். பன்னிரண்டு வயதில் அப்பாவோடு கடலுக்குப் போனபோது தூண்டில் முள் ஏறிவிட்டது, அதிலிருந்து அம்மா கடலுக்கு விடவில்லை, அதனால்தான் கபடிக்கு வந்தேன் என்று சிரித்தான்.

"இசக்கி காலையில எந்திரிக்கும்போது எப்படி எந்திரிப்பான்?"

கேள்வி அவனுக்கு விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். "ஒருச்சாச்சுப் படுத்து, கைய ஊணி, பைய காலத் தொங்கப்போட்டு எந்திரிப்பான் மேடம்."

"ஷூ லேஸ் கட்டணும்னா?"

"குனிய மாட்டான். கால பெஞ்சு மேல தூக்கி வச்சிக் கட்டுவான்."

"எப்ப இருந்து?"

"போன சித்திரையில..." ஜோன்ஸ் சட்டென்று நிறுத்திக்கொண்டான். "சரியா ஞாபகம் இல்ல மேடம்."

திரும்பி நடக்கும்போது பேச்சிராஜ் கொதித்தார். ஒரு வருசமாகப் பையன் இப்படி எழுந்திருக்கிறான், கூடவே நிற்கிற வாத்தியாருக்குத் தெரியவில்லை, அடுத்தவர் மேல் பழி போட மட்டும் தெரிகிறது. "தன் முதுகு தனக்குத் தெரியாதுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார். பிரேமலதா ஜீப்பில் ஏறி, இருக்கையில் எப்போதும் கிடக்கும் சுருட்டிய துண்டை இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

புதன், பிற்பகல் 2.00.

அறிக்கைக்கு மூன்று மணி நேரம் பாக்கி. ஜீப் தாமிரபரணிப் பாலத்தில் நெரிசலில் நின்றது. பிரேமலதா போனில் இரண்டு எக்ஸ்ரேக்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். முறிந்த எலும்பு, முறியாத எலும்பு. டாக்டர், ஸ்வீட்லின், அப்ரார், இவர், எல்லோரும் எலும்பையே பார்த்திருந்தார்கள்.

பக்கத்தில் பேச்சிராஜ் நெளிந்தார். பெல்ட்டுக்குள் விரலை விட்டு எதையோ மேலே இழுத்துவிட்டார். இந்த வெயிலுக்கு அரணாக்கயிறு உராய்ந்து உராய்ந்து இடுப்பெல்லாம் புண் என்று முனகினார்.

பிரேமலதா போனை மறுபடி பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஏட்டையா, நீங்க இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்திருக்கீங்களா?"

பேச்சிராஜ் எடுத்திருந்தார். பைக்கிலிருந்து விழுந்தபோது. எப்படி எடுத்தார்கள் என்று கதையாகச் சொன்னார். கதை முடிவதற்குள் பிரேமலதா டிரைவரிடம் வண்டியைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் திருப்பச் சொல்லிவிட்டார். ஸ்வீட்லினையும் முத்துமாலையையும் ஜோன்சையும் அங்கே வரச்சொல்லிப் போன் போயிற்று.

பிற்பகல் 3.30. அறுவை வார்டு.

இசக்கிராஜா மல்லாந்து கிடந்தான். தலைமாட்டில் சுடலைவடிவு. ஸ்வீட்லின் உள்ளே வந்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கால்மாட்டில் முத்துமாலை, சுவரோரம் ஜோன்ஸ்.

பிரேமலதா இரண்டு படங்களையும் ஜன்னல் கண்ணாடியில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டவைத்தார். பிறகு தாயைப் பார்த்துக் கேட்டார்.

"யம்மா, பிள்ளை இடுப்புல கெடந்த தாயத்து எங்க?"

சுடலைவடிவு முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். சின்ன வெள்ளிக் குப்பி.

"இது எப்பக் கட்டுனது?"

"மூணு வயசுல காய்ச்சலு வந்து கெடந்தான். அப்ப இசக்கியம்மன் கோயில்ல மந்திரிச்சுக் கட்டுனது. அன்னையில இருந்து ஒரு நா இடுப்ப விட்டு எறங்குனதில்ல. கயிறு இத்துப்போனாக்கூட புதுசக் கட்டி, இத அதுல கோத்துட்டுத்தான் பழச அறுப்பேன். முந்தாநாள் இங்கனதான் மொத மொதலா எறங்குனது." தாயின் குரலில் ஒரு பெருமை இருந்தது. "அவனும் யாரையும் தொட விடமாட்டான். எம்பிள்ளை அப்படி."

"இருபத்தஞ்சு நாளைக்கு முன்னாடி?"

"இடுப்புலதான் கெடந்துச்சு. அன்னைக்குச் சனிக்கெழமை, வீட்டுக்கு வந்தவனுக்கு நான்தான் எண்ணெ தேச்சு விட்டேன்."

கட்டிலில் கிடந்தவன் கண்ணை மூடிக்கொண்டான். தன் தாய் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது அந்த அறையில் அவனுக்கும் இன்ஸ்பெக்டருக்கும் மட்டும்தான் தெரிந்தது.

பிரேமலதா ஆஸ்பத்திரிப் படத்தில் விரலை வைத்தார். எலும்புக்கு வெளியே, இடுப்போரத்தில், சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு வெள்ளை உருளை பளிச்சென்று தெரிந்தது. அவசரத்தில் உடுப்போடு எடுத்த படம், தாயத்து அப்படியே விழுந்திருக்கிறது. பிறகு விரலைப் பக்கத்துப் படத்துக்கு நகர்த்தினார். அங்கே உருளை இல்லை.

அவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார். முறிவு எட்டு மாதப் பழசு, படம் இருபத்தைந்து நாள் பழசு, அதில் முறிவு இல்லை. ஆகவே இது இசக்கியின் முதுகே இல்லை. யாராவது உறையில் படத்தை மாற்றி வைத்தார்களா என்று முதலில் முத்துமாலை மேல் சந்தேகம் வந்தது. ஆனால் சென்டர் கம்ப்யூட்டரில் இசக்கியின் பெயரில் இருப்பதும் இதே படம்தான். அதனால் மாறியது காகிதம் இல்லை. அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறொரு ஆள் அங்கே போய்ப் படுத்திருக்கிறான்.

"ஒரு தகராறும் பண்ணாத பையன்னு டெக்னீசியன் சொன்னான். நம்ம பக்கத்துப் பையன்க எக்ஸ்ரேக்குப் போனா நடக்கிற தகராறே இதுதான். அரணாக்கயிற எறக்குன்னு அவங்க சொல்லுவாங்க, மாட்டேன்னு இவங்க நிப்பாங்க. நம்ம ஏட்டையா அன்னைக்குப் படமே வேண்டாம்னு எந்திரிச்சுட்டாராம். கடைசியில அவருக்குக் கயித்தோடதான் எடுத்திருக்காங்க. ஆனா இந்த சென்டர்ல படுத்தவன் இடுப்புல எறக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. ஏன்னா அவன் வீட்டுல அதக் கட்டுற வழக்கமே கிடையாது."

பிறகு அந்த வளைந்த வெள்ளைக் கோட்டைத் தொட்டார். படத்தில் கீறல் விழலாம், கம்ப்யூட்டர் திரையிலும் அதே இடத்தில் கீறல் விழாது. ஆகவே அது உடம்புக்குள் இருக்கிற உலோகம். கொக்கி போல வளைந்தது. முனை முறிந்து உள்ளேயே தங்கிவிட்ட தூண்டில் முள்.

ஜோன்சின் வலது கை தானாக இடுப்புக்குப் போயிருந்தது. எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொங்கவிட்டான்.

"ஒரு படந்தானேன்னு படுத்தேன் மேடம்." அவன் அழவில்லை, தரையைப் பார்த்துப் பேசினான். "முகாமுக்குப் போயிட்டா அங்க பெரிய டாக்டரு பாப்பாகன்னு சொன்னான். கயித்தப் பத்தி ரெண்டு பேருமே நெனைக்கல."

அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். ஜோன்ஸ் இல்லாத ஒன்றை நினைக்கவில்லை. இசக்கிக்கோ அது இடுப்பில் கிடக்கிற பொருளாகவே தோன்றியதில்லை. பதினாறு வருடம் கூடவே கிடந்தால் எதுவும் உடம்பாகிவிடும்.

"சொல்லு இசக்கி," என்றார் பிரேமலதா.

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொள்ள அவன் பார்த்தான். முடியவில்லை. முதுகில் தகடு வைத்திருக்கிறது, இன்னும் ஒரு வாரத்துக்கு யாராவது இரண்டு பேர் புரட்டினால்தான் புரள முடியும். எல்லோர் கண்ணுக்கும் நேராக மல்லாந்து கிடந்தபடிதான் அவன் சொல்ல வேண்டியிருந்தது. மூடுவதற்கு இரண்டு கைகள் மட்டும் இருந்தன, ஒன்றில் ஊசி ஏற்றியிருந்தது.

போன சித்திரையில் ஒரு போட்டியில் மூன்று பேர் மேலே விழுந்தார்கள். யாருக்கும் சொல்லாமல் மதுரையில் ஒரு டாக்டரைப் பார்த்தான். எலும்பில் விரிசல் விட்டிருக்கிறது, ஆறு மாதம் பெல்ட் போட்டு ஓய்வெடு, ஆடாதே என்றார். படத்தை வைகைப் பாலத்திலிருந்து ஆற்றில் போட்டுவிட்டு பஸ் ஏறினான். மாத்திரையில் ஓட்டினான். மாத்திரை கேட்காமல் போனபோது ஸ்வீட்லினிடம் வந்தான்.

"ஆறு மாசம் உக்காந்தா என் இடத்துல வேற ஆளு நிப்பான். வலின்னு சொன்னவன் பேரு லிஸ்ட்ல இருக்காது மேடம்."

"சரி. அது உன் முதுகு. இந்தப் பொண்ணு மேல பழி விழுந்துச்சே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்லா?"

அவன் ஊசி இல்லாத கையால் கண்ணை மறைத்துக்கொண்டான்.

"மொத நாளு காலு வருமா வராதான்னு பயம். நேத்து விரலு அசைஞ்சதும் சொல்லணும்னுதான் இருந்தேன். அப்ப அம்மா வந்து, அக்கா வாசல்ல மண்ண வாரித் தூத்திட்டு வந்தேன்னு சொன்னா." அவன் கண்ணிலிருந்து இரண்டு பக்கமும் காதுக்குள் வடிந்தது. "அதுக்குப் பொறவு எனக்கு வாயே வரல. வெக்கமா இருந்துச்சு."

சுடலைவடிவு உள்ளங்கையில் இருந்த தாயத்தைப் பார்த்தார். பெருமையாகச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் மகனைக் காட்டிக்கொடுத்தது என்று இப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். அவர் அவனைத் திட்டவில்லை. ஸ்வீட்லினை நிமிர்ந்து பார்க்கவும் அவரால் முடியவில்லை. முத்துமாலை கழுத்து விசிலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வராந்தாவில் நின்று தான்தான் அப்படிச் சொன்னதாகவும், அதே வராந்தாவில் மாற்றிச் சொல்வதாகவும் முணுமுணுத்தார்.

"உங்க மேல குத்தம் இல்லம்மா. அறிக்கையில எழுதிருதேன்," என்றார் பிரேமலதா.

ஸ்வீட்லின் சந்தோஷப்படுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் ஜன்னலுக்குப் போய் இரண்டு படங்களுக்கும் முன்னால் நின்றாள். அந்த வெள்ளை உருளையை ஒரு விரலால் தொட்டாள். அதே விரல்தான்.

"இருபத்திரண்டு நாளு மேடம். தெனமும் இந்தக் கையாலதான் அந்தத் தாயத்த ஓரமாத் தள்ளிட்டு வைத்தியம் பாத்தேன். படத்துல அது எங்கன்னு ஒரு நா எனக்குக் கேக்கத் தோணல." அவள் விரலை எடுத்துக்கொண்டாள். "நீங்க எழுதுங்க. ஆனா குத்தமே இல்லன்னு எழுதாதீங்க."

அறிக்கை நாலு ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தது. கைது தேவையில்லை என்று அதில் இருந்தது. ஸ்வீட்லின் சொன்ன அந்த ஒரு வரியை எப்படி எழுதுவதென்று பிரேமலதாவுக்குத் தெரியவில்லை. கடைசியில் எழுதாமலே விட்டுவிட்டார்.

வியாழன், காலை 7.15.

செருப்புக்கடை இன்னும் திறக்கவில்லை. பிரேமலதா காக்கியில் இல்லை, சாதாரணச் சேலையில் ஆட்டோவிலிருந்து இறங்கினார். கக்கத்தில் ஒரு பழைய எக்ஸ்ரே உறை. இரண்டு வருடமாக ஆபீசுக்கும் வீட்டுக்கும் தெரியாமல் பீரோவில் சேலைகளுக்கு அடியில் கிடந்தது. தெரிந்தால் ஸ்டேஷனை விட்டு எடுத்து, மேசை வேலையில் போட்டுவிடுவார்கள் என்ற பயம். படுத்த படுக்கையாகக் கிடந்த பத்தொன்பது வயதுப் பையனிடம், அப்பவாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டது தன் வாய்தான் என்பது இரவெல்லாம் அவரைத் தூங்கவிடவில்லை.

வாசலில் யாரோ குனிந்து கூட்டிக்கொண்டிருந்தார்கள். சுடலைவடிவு. முதல் பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். கையில் சொந்த வீட்டு விளக்குமாறு. தான் தூற்றிய மண்ணைப் படிக்குப் படி கூட்டி, ஒரு பழைய சீலைத் துண்டில் அள்ளி வைத்துக்கொண்டிருந்தார். கடைசிப் படியின் மூலையில் கிடந்ததை விரலால் வழித்தெடுத்தார். பிரேமலதாவைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மேலே கதவு திறந்திருந்தது. ஸ்வீட்லின் யார் என்று பார்த்தாள், உறையைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். பிரேமலதா உறையை நீட்டினார். அவள் அதை வாங்கி, திறக்காமல் மேசையில் வைத்தாள்.

"படத்த அப்புறம் பாப்போம் மேடம். மொதல்ல நீங்க அந்தக் கட்டில்ல உக்காருங்க, இடுப்பக் காட்டுங்க."

பிரேமலதா அந்த அறையில் முதல்முறையாக உட்கார்ந்தார். வலித்தது. வலிக்கிறது என்று சொன்னார்.